பாஸ்பேட் போன பிறகும் நிற்கிற பிடி

கொக்கியில் தொங்கியது மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தமனித் துண்டு. பன்றியின் கழுத்துத் தமனியிலிருந்து நறுக்கியது. உட்புறப் படலத்தையும் வெளிப்புற உறையையும் உரித்துவிட்டால் நடுவில் மிஞ்சுவது பெரும்பாலும் மென்தசைதான். அதை இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, 37 டிகிரி சூட்டில் உப்புக் கரைசலுக்குள் இறக்கியிருந்தோம். அடியிலிருந்து ஆக்ஸிஜன் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. மேல் கொக்கி ஒரு விசைமானியோடு சேர்ந்திருந்தது. துண்டு எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒரு பேனா நகரும் தாளில் கோடாக வரைந்துகொண்டே போனது.

பொட்டாசியம் அதிகமுள்ள கரைசலை ஊற்றினேன். கோடு மெதுவாக ஏறத் தொடங்கியது. எலும்புத் தசையில் ஒரு துடிப்பு வந்து போய்விடும் நேரத்தில் இது இன்னும் கிளம்பக்கூட இல்லை. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், மேசைப் பரப்பு மாதிரி தட்டையாக நின்றது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அதே உயரம்.

அதே தமனியிலிருந்து நறுக்கிய மற்ற துண்டுகளையும் இதே மாதிரி சுருங்கவைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நேரத்தில் உறையவைக்க வேண்டும். அரை நிமிடத்தில் ஒன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று, ஐந்தில், பத்தில், முப்பதில். உலர் பனிக்கட்டியில் குளிர்ந்த அசிட்டோனில் கொஞ்சம் ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் கலந்திருக்கும். துண்டைக் கொக்கியிலிருந்து எடுத்த கையோடு அதில் போட்டுவிட வேண்டும். முதல் தடவை சில விநாடிகள் தயங்கிவிட்டேன். அந்தச் சில விநாடிகளில் தசைக்குள் இருக்கும் நொதிகள் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டன. நான் அளக்க வந்தது மயோசின் என்ற தசைப் புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை. அதில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. ஒரு வாரத்து வேலை வீண். அப்புறம் துண்டை எடுப்பதையும் போடுவதையும் ஒரே அசைவாகச் செய்யப் பழகிக்கொண்டேன்.

உறைந்த துண்டிலிருந்து புரதத்தைப் பிரித்து, யூரியாவும் கிளிசராலும் சேர்ந்த ஜெல்லில் ஓட்டினால், மயோசினோடு சேர்ந்திருக்கும் இலகு சங்கிலி என்ற சின்னத் துண்டு இரண்டு பட்டைகளாகப் பிரியும். பாஸ்பேட் இல்லாதது மேலே நிற்கும். பாஸ்பேட் ஒட்டியதற்கு எதிர்மின்சுமை அதிகம், அதனால் அது இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். கீழ்ப்பட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவு மயோசினில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நேரடியாகக் கண்ணாலேயே படிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஜெல் அது.

ஒரு நிமிடத் துண்டில் கீழ்ப்பட்டை நன்றாகக் கருத்திருந்தது. ஐந்து நிமிடத் துண்டில் மெலிந்திருந்தது. முப்பது நிமிடத் துண்டில் ஒரு நிழல் மாதிரி. அந்த முப்பது நிமிடமும் விசைக்கோடு இம்மிகூட இறங்கவில்லை.

மறுபடியும் உறையவைப்பதில் கோட்டைவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பச் செய்தேன். மூன்றாவது தடவையும் அதேதான் வந்தது. ஆய்வகத்தில் எங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியையிடம் தாளையும் ஜெல்லையும் கொண்டுபோய் வைத்தேன். "எங்கே தப்பு பண்றேன்னு தெரியலை மேடம்" என்றேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கோடும் சரி, பட்டையும் சரி. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படிச் சரியா இருக்க முடியும்னு யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் விஷயம் இது: கால்சியம் ஏறும், பாஸ்பேட் ஒட்டும், தசை சுருங்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிக் கதை. பாஸ்பேட்டை ஒட்டுகிற நொதியைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டு, கழற்றுகிற நொதிக்கு ஒரு வரி ஒதுக்கிவிடுவார்கள். மென்தசையின் சாமர்த்தியம் முழுக்கக் கழற்றுகிற பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

மென்தசை என்பது நாம் கட்டளையிட முடியாத தசை. வரியற்ற தசை என்றும் சொல்வார்கள். ரத்தக் குழாய்ச் சுவர், குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, மூச்சுக்குழாய், கண் பாவையைச் சுற்றிய திரை எல்லாவற்றிலும் இருக்கிறது. ரத்தக் குழாயில் இருப்பதற்கு ஓய்வே கிடையாது. பிறந்ததிலிருந்து சாகும்வரை ஓரளவு இறுக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இறுக்கத்தில் சின்ன மாற்றம்கூடப் பெரிய விளைவைத் தரும். குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே, மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், ஓட்டம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும்.

இழுக்கிற இயந்திரம் எலும்புத் தசையில் உள்ளதன் உறவுக்காரன்தான். ஆக்டின் என்ற மெல்லிய இழை. அதைப் பிடித்து இழுக்கிற மயோசின் என்ற இயக்கப் புரதம். மயோசினுக்கு இரண்டு தலைகள், நீண்ட ஒரு வால். ஒவ்வொரு தலையும் செல்லின் எரிபொருளான ஏடிபியை உடைத்து, அந்தச் சக்தியில் ஆக்டினை ஒரு தடவைக்குப் பத்து நானோமீட்டர் அளவில் நகர்த்தும். பிடி, இழு, விடு, மறுபடி பிடி.

பூட்டு எங்கே இருக்கிறது என்பதில்தான் இரண்டு தசைகளும் பிரிகின்றன. எலும்புத் தசையில் பூட்டு ஆக்டின் மேல் இருக்கிறது. ட்ரோபோனின் என்ற புரதம் கால்சியத்தைப் பிடித்தவுடன் மூடி விலகும். மயோசின் உடனே பிடித்துக்கொள்ளும். எல்லாம் மில்லிவிநாடிகளில் நடந்து முடியும். மென்தசையில் ட்ரோபோனின் கிடையாது. பூட்டு மயோசினுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திறக்கிற சாவி ஒரு பாஸ்பேட்.

ஓய்வில் செல்லுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார். நரம்போ ஹார்மோனோ தூண்டினால் அது பல மடங்கு ஏறும். ஏறிய கால்சியத்தைக் கேல்மாடுலின் பிடித்துக்கொள்ளும். 148 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம், நான்கு கால்சியத்துக்கு இடம் உண்டு. கால்சியம் ஏறிய கேல்மாடுலின் போய் மயோசின் இலகு சங்கிலிக் கைனேஸ் என்ற நொதியைப் பிடிக்கும். கைனேஸ் என்றால் பாஸ்பேட்டை ஒட்டுகிற நொதி. இந்தக் கைனேஸ் சாதாரண நேரத்தில் தன் வாயைத் தன் வாலாலேயே அடைத்துக்கொண்டிருக்கும். கேல்மாடுலின் அந்த வாலை இழுத்துவிட்டதும் வாய் திறக்கும். உடம்பில் உள்ள பல கைனேஸ்கள் பத்துப் பதினைந்து வேலைகளில் கைவைக்கும். இது அப்படி இல்லை. மயோசினின் இலகு சங்கிலி ஒன்றுதான் இதற்குத் தெரிந்த வேலை.

அந்தச் சங்கிலியின் நுனியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தலையும் வாலும் சேரும் கழுத்தில் அது சுற்றியிருக்கிறது. சுமார் 170 அமினோ அமிலங்கள், 20,000 டால்டன் எடை. நுனியிலிருந்து 13-ஆம் இடத்தில் தொடங்கிப் படித்தால்: ஆர்ஜினின், புரோலின், குளுட்டமின், ஆர்ஜினின், அலனின், த்ரியோனின், செரின். அந்தக் கடைசி செரின் 19-ஆம் இடம். கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டுவது அங்கேதான். கைனேஸ் மிக அதிகமாக இருந்தால் 18-இல் உள்ள த்ரியோனினிலும் ஒட்டும். நுனியின் முதல் 16 இடங்களை எண்ணிப் பார்த்தால் எட்டில் லைசினோ ஆர்ஜினினோ இருக்கிறது. அதாவது பாதிக்குப் பாதி நேர்மின்சுமை. அதன் பக்கத்தில் எதிர்மின்சுமை கொண்ட ஒரு பாஸ்பேட் வந்து உட்கார்ந்தால் அந்த இடத்தின் கணக்கே மாறிவிடும். அதுவரை உருவமில்லாமல் தொங்கிய நுனி ஒழுங்கான சுருளாகிவிடுகிறது.

பாஸ்பேட்டின் எடை சுமார் 80 டால்டன். மயோசின் முழுவதும் சேர்ந்து ஐந்து லட்சம் டால்டன் பக்கம். அவ்வளவு பெரிய இயந்திரத்தை இவ்வளவு சின்ன ஒன்று ஓடவைக்கிறது என்றால், அது இயந்திரத்துக்குச் சக்தி தருகிறது என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. மென்தசை மயோசினிலிருந்து ஒற்றைத் தலையை மட்டும் வெட்டி எடுத்தால், பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஆக்டினோடு சேர்ந்து வேலை செய்துகொண்டே இருக்கும். பூட்டு வேலை செய்ய இரண்டு தலைகளும் வேண்டும். ஓடுவது அந்தத் தலையின் இயல்பு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன. பாஸ்பேட் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

இந்த அடக்கத்தின் உருவம் தெரிய நாளாயிற்று. பாஸ்பேட் இல்லாத மயோசின் சுருண்டு மடங்கிக்கொள்ளும் என்பது 1980-களின் தொடக்கத்திலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்துவிட்டது. வால் இரண்டு இடங்களில் மடிந்து மூன்று மடிப்பாகி, தலைகளும் பின்னால் சாய்ந்துவிடும். அந்த நிலையில் ஒரு ஏடிபியை உடைத்து முடிக்கவே பல நிமிடங்கள் ஆகும். தூங்குகிறது என்றே சொல்லலாம். 2001-இல் தலைகளின் ஏற்பாடு தெரிந்தது. இரண்டும் ஒரே மாதிரி படுத்திருக்கவில்லை. ஒரு தலை தன் ஆக்டின் பிடிக்கிற முகத்தை மற்றதன் மேல் கவிழ்த்துவைத்திருக்கிறது. அதனால் அதற்குப் பிடிக்க முகமில்லை. மற்றதற்கோ இழுக்கும்போது அசைய வேண்டிய பாகம் அடியில் மாட்டிக்கொண்டுவிட்டது. ஒன்றால் பிடிக்க முடியாது, இன்னொன்றால் இழுக்க முடியாது. 2005-இல் இதே ஏற்பாட்டை டாரன்டுலா சிலந்தியின் தசை இழைகளில் பார்த்தார்கள். 2020-இல் இரண்டு குழுக்கள் மடங்கிய மயோசினின் முழு அமைப்பையும் உறைபனி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்து நேச்சர் இதழில் வெளியிட்டன. அந்தப் படங்களில் வால் தலையைச் சுற்றி வளைத்துக்கொண்டு கிடக்கிறது. மனிதத் தமனிக்கும் சிலந்தியின் காலுக்கும் பொதுவான ஒரு பூட்டு. முதல் தடவை பார்த்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே மனம் வரவில்லை.

உயிருள்ள தசைக்குள் எல்லா மயோசினும் இப்படி உதிரியாக மடங்கிக் கிடப்பதில்லை. தளர்ந்த தசையிலும் பெரும்பாலானவை இழைகளில்தான் அடுக்கி இருக்கின்றன. இழைக்குள் இருந்தபடியே தலைகள் மட்டும் அடங்கிக் கிடக்கின்றன.

பாஸ்பேட்டுக்கு இவ்வளவு அதிகாரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவைப்பதும் எளிதாக இருக்கவில்லை. ஒரு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டியும் கழற்றியும் அதன் வேலையை மாற்றலாம் என்பதை எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950-களின் நடுவில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதியில் காட்டினார்கள். 1992-இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. 1975-இல் அடெல்ஸ்டீனும் கான்ட்டியும் ரத்தத் தட்டணுக்களின் மயோசினில் பாஸ்பேட் ஏறினால் ஏடிபியை உடைக்கும் வேகம் கூடுகிறது என்றார்கள். அடுத்து ஆய்வகங்களெல்லாம் கோழியின் அரைவைப்பைக்குத் திரும்பின. விழுங்கிய தானியத்தை நொறுக்கும் அந்தப் பை கிட்டத்தட்ட முழுக்க மென்தசை, வேண்டிய அளவு புரதம் கிடைக்கும். 1978-இல் அந்தத் தசையின் கைனேஸை இயக்குவது கேல்மாடுலின்தான் என்று தெரிந்தது. அதே காலத்தில், தசைச் சுருக்கத்தில் கால்சியத்தின் பங்கையே நிலைநாட்டிய செட்சுரோ எபாஷி, மென்தசையின் கட்டுப்பாடு பாஸ்பேட்டில் இல்லை, ஆக்டின் பக்கம் உள்ள வேறொரு புரதத்தில்தான் இருக்கிறது என்று வாதாடினார். சாதாரண ஆள் இல்லை அவர். அதனால் அந்த விவாதம் பல ஆண்டுகள் ஓடியது.

எனக்கு வழக்கைத் தீர்த்தது ஒரு சோதனை. ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டில் ஒரு ஆக்ஸிஜனுக்குப் பதில் கந்தகத்தை வைத்த ஒரு மூலக்கூறு உண்டு. கைனேஸ் அதை வாங்கி மயோசினில் ஒட்டிவிடும். கழற்றுகிற நொதியால் அதை லேசில் கழற்ற முடியாது. சவ்வை நீக்கிய தசை நார்களில் முதலில் கால்சியத்தோடு இதை ஒட்டவிட்டு, பிறகு கால்சியத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, சாதாரண ஏடிபியை ஊற்றினார்கள். கால்சியமே இல்லை. ஆனாலும் தசை சுருங்கியது, சுருங்கியபடியே நின்றது. ஆக, கால்சியத்தின் முக்கியமான வேலை கைனேஸை எழுப்புவதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் பாஸ்பேட்டின் ஆட்சி. கழற்ற ஆள் இல்லாவிட்டால் தசைக்குத் தளரவே தெரியாது என்பதையும் அதே சோதனை காட்டிவிட்டது. எல்லோரும் அதில் முதல் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கழற்றுகிற நொதியின் பெயர் மயோசின் பாஸ்பட்டேஸ். மூன்று துண்டுகள் சேர்ந்தது. கழற்றுகிற கை ஒன்று. அது உடம்பில் எத்தனையோ இடங்களில் எத்தனையோ வேலைக்குப் போகிற பொதுவான கை. இரண்டாவது துண்டு எம்ஒய்பிடி-1. அந்தக் கையை மயோசினிடம் கூட்டிக்கொண்டு வருவது இதுதான். மூன்றாவது ஒரு சின்னத் துண்டு. கால்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நொதி வேலையில்தான் இருக்கும். ஒரு தொட்டிக்குள் குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிறது, அடியில் உள்ள துளை வழியாகப் போகிறது. தொட்டியில் எவ்வளவு நிற்கும் என்பதைக் குழாயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மென்தசை தன் துளையை அகலப்படுத்தவும் சுருக்கவும் தெரிந்த தொட்டி.

1980-களின் பிற்பகுதியில் இதை அழகாகப் பிடித்தார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சை வைத்துத் தசைச் செல்லின் சவ்வில் மிகச் சிறிய ஓட்டைகள் போட்டால், கால்சியம் போன்ற சின்ன மூலக்கூறுகள் போய் வரும். புரதங்கள் உள்ளேயே இருக்கும். அப்போது உள்ளே இருக்கும் கால்சியத்தின் அளவை வெளியிலிருந்து நாமே நிர்ணயிக்கலாம். அதை ஒரே அளவில் கட்டிவைத்துவிட்டு நார்அட்ரினலின் வகைத் தூண்டுதலைக் கொடுத்தார்கள். கால்சியம் ஏறவே இல்லை, விசை ஏறியது. துளையை யாரோ அடைத்திருக்கிறார்கள்.

அடைத்தவர்களில் முக்கியமானது ரோ கைனேஸ். 1996-இல் தெரிந்தது. சவ்விலுள்ள ஏற்பி தூண்டப்பட்டால் ரோ என்ற சின்னப் புரதம் விழித்துக்கொள்ளும். அது இந்தக் கைனேஸை எழுப்பும். இது போய் எம்ஒய்பிடி-1-இல் 696, 853 ஆகிய இடங்களில் உள்ள த்ரியோனின்களில் பாஸ்பேட்டை ஒட்டும். பாஸ்பேட்டைக் கழற்றவேண்டிய நொதி, தன் மேல் ஒட்டிய பாஸ்பேட்டாலேயே முடங்கிப்போகிறது. இன்னொரு ஆள் சிபிஐ-17 என்ற சின்னப் புரதம். அதன் 38-ஆம் த்ரியோனினில் பாஸ்பேட் ஏறினால் பாஸ்பட்டேஸை அடைக்கும் திறன் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒரே அடையாளம்தான் எல்லா இடத்திலும்: மயோசினில் ஒட்டினால் இழுக்கச் சொல்கிறது, பாஸ்பட்டேஸில் ஒட்டினால் சும்மா இருக்கச் சொல்கிறது, சிபிஐ-17-இல் ஒட்டினால் அடைக்கச் சொல்கிறது. பாஸ்பேட்டுக்கு என்று தனியாக ஓர் அர்த்தம் இல்லை. எங்கே உட்கார்கிறதோ அந்த இடம்தான் அதற்கு அர்த்தம் தருகிறது.

மருந்துகளும் இந்தப் பக்கம் வந்தன. 1997-இல் ரோ கைனேஸைத் தடுக்கும் ஒரு மூலக்கூறு, ரத்த அழுத்தம் உயர்ந்த எலிகளில் அழுத்தத்தை இறக்கியது. அதற்கு முன்பே, 1995-இல், ஜப்பானில் ஃபாசுடில் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. மூளையின் உறைக்கடியில் ரத்தம் கசிந்த பிறகு அங்குள்ள குழாய்கள் இறுகிக்கொள்வதைத் தளர்த்த அதைக் கொடுத்தார்கள். இதே வகைத் தடுப்பான்கள் இன்று கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாகவும் இருக்கின்றன.

தளர்த்துகிற பக்கத்தில் பெரிய பெயர் நைட்ரிக் ஆக்சைடு. 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனியில் உட்புறப் படலம் கெடாமல் இருந்தால்தான் அசிட்டைல்கோலின் அதைத் தளர்த்துகிறது என்று காட்டினார். அந்தப் படலம் விடுவது நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்து, 1998-இல் அவரும் இக்னாரோவும் முராத்தும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வாயு தசைக்குள் போனால் சுழல் ஜிஎம்பி என்ற செய்தி மூலக்கூறு கூடும். அது ஒரு கைனேஸை எழுப்பும். அந்தக் கைனேஸ் கால்சியத்தையும் இறக்குகிறது, எம்ஒய்பிடி-1-ஐயும் நேரடியாகப் பிடித்து 695-ஆம் செரினில் பாஸ்பேட் ஒட்டுகிறது. பக்கத்து வீடான 696-இல் ரோ கைனேஸ் வந்து ஒட்டுவதற்கு அது இடைஞ்சல். அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்களில் யார் முதலில் வந்து உட்கார்ந்தார் என்பதற்கு இவ்வளவு கனம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் 1870-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அது போய்ச் சேரும் பாதை இதுதான் என்று தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. உறிஞ்சு மருந்தை இழுத்துவிட்டு நெஞ்சு திறக்கக் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களை நன்றாக அறிவேன். அதனால் அந்த உறிஞ்சு மருந்தான சால்பியூட்டமால் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு அது வெறும் பாடமாக இல்லை. அழகான விளக்கம் ஒன்று இருந்தது: அந்த மருந்து சுழல் ஏஎம்பி என்ற இன்னொரு செய்தி மூலக்கூறைக் கூட்டும், அது எழுப்பும் கைனேஸ் மயோசின் கைனேஸிலேயே ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், ஒட்டினால் கேல்மாடுலினோடு அது சரியாகச் சேராது, தசை தளரும். கண்ணாடிக் குழாயில் இது அப்படியே நடக்கிறது. உயிருள்ள மூச்சுக்குழாய்த் தசையில் பார்த்தபோது பொருந்தவில்லை. அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறுவது பெரும்பாலும் தசை சுருங்கும்போதுதான், அதுவும் கால்சியமே எழுப்புகிற வேறொரு கைனேஸால். மருந்து உண்மையில் தளர்த்துவது வேறு வழிகளில்: கால்சியத்தை இறக்கி, பொட்டாசிய வாயில்களைத் திறந்து. அழகான விளக்கம் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு நொதி இன்னொன்றை ஒரு குழாய்க்குள் என்ன செய்கிறது என்பதை வைத்து மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது என்று சொல்லக் கூடாது என்பதை அன்று கற்றேன். இன்றும் இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது முதலில் நான் தேடுவது அதைத்தான்: உயிருள்ள திசுவில் அளந்தார்களா?

சரி, என் முப்பது நிமிடத் துண்டுக்கு வருகிறேன்.

1981-இல் டில்லன், அக்சோய், டிரிஸ்கா, மர்ஃபி நால்வரும் சயன்ஸ் இதழில் எழுதியிருந்த கட்டுரை அன்று மாலை கையில் கிடைத்தது. அவர்களும் பன்றியின் கழுத்துத் தமனியைத்தான் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கும் பாஸ்பேட் ஏறி இறங்கியது, விசை நின்றது. கூடவே அவர்கள் அளந்த இன்னொன்றை நான் அளக்கவில்லை: சுருங்கும் வேகம். பாஸ்பேட் இறங்க இறங்க, சுமையை எடுத்துவிட்டால் தசை சுருங்கும் வேகமும் இறங்கியது. வேகம் பாஸ்பேட்டைப் பின்தொடர்கிறது, விசை தொடரவில்லை. இந்த நிலைக்கு லாட்ச் என்று பெயர் வைத்தார்கள். தாழ்ப்பாள் என்று தமிழில் சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கிறது. தாழ்ப்பாள் கதவைத் தள்ளுவதில்லை. தள்ளி மூடிய கதவைத் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது.

1988-இல் ஹாயும் மர்ஃபியும் கொடுத்த விளக்கம் இது. பாஸ்பேட்டுள்ள தலை ஆக்டினைப் பிடித்து இழுக்கிறது. பிடித்திருக்கும்போதே பாஸ்பட்டேஸ் வந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. அந்தத் தலை இப்போது என்ன செய்யும்? புதிதாகப் பிடிக்க அதற்கு அனுமதி இல்லை. ஆனால் ஏற்கெனவே பிடித்த பிடியை உடனே விட்டாக வேண்டும் என்றும் இல்லை. மெதுவாகத்தான் விடும். தலை ஆக்டினை விட வேண்டுமானால் முதலில் அதிலுள்ள ஏடிபி மிச்சம், அதாவது ஏடிபியை உடைத்ததும் தலையில் தங்கிவிடுகிற, இரண்டு பாஸ்பேட் மட்டும் மிஞ்சிய துண்டு, வெளியேற வேண்டும். மென்தசை மயோசினில் அது வெளியேறுவதே மெதுவு. சுமையில் இழுபட்டபடி இருந்தால் இன்னும் மெதுவு. அதுவரை பிடித்த பிடி பிடித்தபடி. இழுப்பதில்லை, ஏடிபியும் செலவாவதில்லை, விசை மட்டும் நிற்கிறது.

அப்படியென்றால் கழற்றுகிற நொதி விசையைக் கெடுக்க வரவில்லை. இழுக்கிற தலையைத் தாங்குகிற தலையாக மாற்றுவதே அதுதான். என் ஜெல்லில் கீழ்ப்பட்டை மெலிய மெலிய நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்த மாற்றத்தைத்தான். ஒரே விசையைத் தாங்கி நிற்க மென்தசை எலும்புத் தசையைவிடப் பல பத்து மடங்கு, சில கணக்குகளில் முந்நூறு மடங்குவரை குறைவாக ஏடிபியைச் செலவழிக்கிறது. மென்தசையில் மயோசினும் எலும்புத் தசையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஆனாலும் குறுக்குப் பரப்புக்குக் கணக்குப் போட்டால் இரண்டின் விசையும் கிட்டத்தட்டச் சமம்.

இந்த விளக்கத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பாஸ்பேட்டை ஓயாமல் ஒட்டிக் கழற்றுவதற்கே ஏடிபி வேண்டும். அதையும் கூட்டினால் சிக்கனக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. இழைகளோடு சேர்ந்திருக்கும் கால்டெஸ்மான், கால்போனின் போன்ற மற்ற புரதங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பாஸ்பேட்டுள்ள கால்வாசி மயோசின் எப்படி முழு விசையைத் தருகிறது என்ற கேள்விக்கு, இவ்வளவு குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு பதில் சொன்ன வேறு விளக்கம் எதையும் நான் பார்க்கவில்லை.

சிப்பிகளில் இதே வேலைக்கு வேறொரு வழி இருக்கிறது. ஓட்டை மூடிக்கொண்டால் மணிக்கணக்கில், கிட்டத்தட்டச் செலவே இல்லாமல் மூடியபடி இருக்கும். அங்கே ட்விட்சின் என்ற பெரிய புரதம் இழைகளைக் கட்டிவைக்கிறது. திறக்க வேண்டிய நேரத்தில் செரட்டோனின் வரும், சுழல் ஏஎம்பி கூடும், ட்விட்சினில் ஒரு பாஸ்பேட் ஏறும், பிடி விட்டுப்போகும். தமனியில் பிடிக்கச் சொல்லும் பாஸ்பேட் சிப்பியில் விடச் சொல்கிறது. எலும்புத் தசையிலும் இலகு சங்கிலியில் பாஸ்பேட் ஏறுவது உண்டு. ஆனால் அங்கே அது பூட்டைத் திறப்பதில்லை. ஏற்கெனவே நடக்கும் இழுப்பைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே.

அந்தக் கட்டுரையைப் படித்த மறுநாள் கடைசியாக ஒரு துண்டை மாட்டினேன். பொட்டாசியம் ஊற்றி, கோடு ஏறி நின்று, முப்பது நிமிடம் விட்டேன். அப்புறம் சாதாரணக் கரைசலால் மூன்று தடவை கழுவினேன். பேராசிரியையும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கால்சியம் உடனே இறங்கியிருக்கும். மிச்சமிருந்த கொஞ்சப் பாஸ்பேட்டும் விரைவிலேயே போயிருக்கும். தாளில் கோடு இறங்க ஆரம்பித்தது; ஏறியதைவிட மெதுவாக, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்டார். ஏடிபி மிச்சம் ஒவ்வொரு தலையிலிருந்தாகக் கழன்றுபோவதைத்தான் அந்தப் பேனா வரைகிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோடு அடிக்கு வரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.